மூக்கு உரசும் முன்: துள்ளும் நாயை மற்ற நாய்களோடு பழக்குவது

“பயப்படாதீர்கள், அது விளையாடத்தான் வருகிறது!” மாலையில் சிங்கப்பூரின் எந்தப் பூங்கா இணைப்புப் பாதையில் நடந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். சொல்பவர் கயிற்றின் ஒரு முனையில் பின்னுக்குச் சாய்ந்தபடி இழுபட்டுக்கொண்டிருப்பார். மறுமுனையில் முன்னங்கால்கள் தரையில் பாவாமல், தொண்டை கரகரக்க ஒரு நாய் முண்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் கிழட்டுச் சிட்சூ நாய்க்கு மூட்டு வலியோ, நேற்றுத்தான் தையல் பிரித்தார்களோ, முன்பு எதனிடமாவது கடிபட்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அதற்கு விளையாட விருப்பமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அப்படி இழுபடுகிறவர்களுக்காக, அதிலும் முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துள்ளுகிற நாய்க்கு நாம் கற்றுத்தர வேண்டியது மற்ற நாய்களோடு விளையாடுவதை அல்ல, அவற்றைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கடந்து போவதை. அது கைவந்துவிட்டால் அறிமுகம் எளிது. அது வருவதற்கு முன் செய்து வைக்கும் அறிமுகம் ஒவ்வொன்றும் துள்ளலுக்குத்தான் தீனி போடும். ‘இழுத்தால் அந்த நாயிடம் போய்ச் சேரலாம்’ என்பதுதான் நாய் அதிலிருந்து படிக்கும் பாடம்.

துள்ளல் எங்கிருந்து வருகிறது?

ஊரில் தெருநாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிராகத் தோன்றும். அங்கே யாரும் எந்த நாய்க்கும் அறிமுகம் செய்து வைப்பதில்லை. இரண்டு நாய்கள் சந்தித்தால் நேருக்கு நேர் நடந்து வருவதும் அரிது. ஒன்று சாலையோரமாக வளைந்து வரும். மற்றது முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையை முகரும். பின்புறத்தை மோந்து பார்த்துவிட்டு இரண்டும் அவரவர் வழியில் போய்விடும். பிடிக்காவிட்டால் விலகிப்போக இடம் இருக்கிறது.

கயிறு அந்த இரண்டு வசதிகளையும் பறித்துக்கொள்கிறது. வளைந்து வர முடியாது, விலகிப்போகவும் முடியாது. குறுகலான நடைபாதையில் இருவரும் நேருக்கு நேர் வருகிறோம். போதாக்குறைக்குக் கயிற்றை இறுக்கி நாயின் தலையை மேலே தூக்கிவிடுகிறோம். மார்பை நிமிர்த்தி, கண்ணைக் கண்ணால் பார்த்தபடி வரும் நாய், நாய்களின் கணக்கில் வம்புக்கு வருகிற நாய்.

இங்கே இன்னொரு காரணமும் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றில் அனுமதிக்கப்பட்ட இனத்து நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம். ஆகவே அடுக்குமாடி வீட்டு நாய்களில் பெரும்பாலானவை தம் இனத்தைப் பார்ப்பதே நடைக்கு இறங்கும்போதுதான். நாள் முழுவதும் மனிதர்களோடு மட்டும் இருந்துவிட்டுக் கீழே வந்து இன்னொரு நாயைக் கண்டால், அது ஆர்ப்பரிப்பதில் வியப்பில்லை. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான வளரிளம் பருவத்தில் இது உச்சத்தில் இருக்கும்.

கலப்பின நாய்களையும் வீவக வீட்டில் தத்தெடுக்க வழிசெய்யும் ‘அடோர்’ திட்டத்தின் வழியாக வரும் சிங்கப்பூர் ஸ்பெஷல்களின், அதாவது இவ்வூர்க் கலப்பின நாய்களின், கதை கொஞ்சம் வேறு. கூட்டத்தோடு வெளியில் திரிந்து வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் நாய்களின் மொழி நன்றாகவே தெரியும். அதைத் திணற வைப்பது கயிறும் மின்தூக்கியும்தான். அந்தத் திட்டத்தில் தத்தெடுக்கும் நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி கட்டாயம். அந்த வகுப்பிலேயே பயிற்றுநரிடம் இந்தச் சிக்கலையும் சொல்லிவிடுங்கள்.

ஆசையா, அச்சமா?

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: குரைப்பு, பாய்ச்சல், இழுப்பு. வால் ஆடுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வாலாட்டும் நாய் கிளர்ச்சியில் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி, நட்போடு இருக்கிறது என்பதல்ல. வால் இடுப்போடு சேர்ந்து அகலமாக, தளர்வாக ஆடினால் நல்லது. கம்பிபோல் விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் படபடத்தால் கவனம் தேவை.

வாலை விட வாயைப் பாருங்கள். இளகிய நாயின் வாய் சற்றுத் திறந்திருக்கும். பதற்றம் ஏறும்போது வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். அந்த ஒரு நொடியைப் பிடிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகுதான் மற்றவை வரும்: உதட்டை நக்குதல், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுதல், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல், முதுகு மயிர் சிலிர்த்தல், உடல் அசைவற்று நிற்றல். கடைசியாகச் சொன்ன அந்த உறைநிலைதான் குரைப்பை விட ஆபத்தானது.

அச்சத்தால் குரைக்கும் நாய், எதிர் நாய் விலகிப் போனதும் தளர்ந்துவிடும். ஆசையால் குரைக்கும் நாய் அது போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்து முனகும். பயிற்சி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அச்சப்படும் நாய்க்கு இன்னும் கூடுதல் இடைவெளி வேண்டும். ஏற்கெனவே ஒரு நாயையோ மனிதரையோ கடித்துக் காயப்படுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை நம்பி இறங்க வேண்டாம், பயிற்றுநரிடம் போங்கள். நன்றாக இருந்த நாய் திடீரென்று முரண்டு பிடிக்கத் தொடங்கினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதிலோ இடுப்பிலோ வலி உள்ள நாயை எந்தப் பயிற்சியாலும் அடக்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளத்தில், ஒரே அளவில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் சுருள் கயிறு இந்த வேலைக்கு உதவாது. அது எப்போதும் இழுவிசையில் இருப்பதால், இழுத்தால் நீளும் என்றே நாய் கற்றுக்கொள்ளும். மின்தூக்கிக் கதவில் அது சிக்கிக்கொள்ளும் அபாயம் வேறு. கழுத்துப் பட்டையை விட, உடலைச் சுற்றி மாட்டும், மார்பில் வளையம் உள்ள ஹார்னஸ் நல்லது. நாய் பாயும்போது மூச்சு அடைபடாது, உடலும் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

கழுத்தை இறுக்கும் சங்கிலி, உட்புறம் முள் வைத்த பட்டை, மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை எதுவும் வேண்டாம். இரக்கம் மட்டும் காரணம் அல்ல. இன்னொரு நாயைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கழுத்தில் வலி வந்தால், நாய் அந்த வலிக்கு யாரைக் குற்றம் சொல்லும்? எதிரே நிற்கும் நாயைத்தான். விளையாடத் துடித்த நாயைச் சண்டைக்கார நாயாக்க இதைவிடக் குறுக்குவழி இல்லை.

தின்பண்டம் என்றால் வீட்டில் தட்டில் கிடக்கும் உலர் பிஸ்கட் அல்ல. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, பட்டாணி அளவுத் துண்டுகளாக, ஒரு சிறு டப்பா நிறைய. உப்பும் மசாலாவும் சேர்க்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, ஆகவே நேற்றைய குழம்பிலிருந்து கழுவி எடுத்த கறி வேண்டாம். இதைச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் அப்படி எடுத்துக் கொடுக்கத் தயாராக ஒரு பாட்டி எப்போதும் இருப்பார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ராட்வைலர், டாபர்மேன் போன்ற பட்டியலிடப்பட்ட இனங்களுக்கு வாய்க்கூடும் கட்டாயம். உரிமமும் மைக்ரோசிப்பும் இல்லாமல் நாய் வளர்க்கக் கூடாது. கழிவை அள்ளப் பையும், சிறுநீர் மேல் ஊற்றத் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

குட்டி வைத்திருப்பவர்கள் தடுப்பூசித் தொடர் முடியும் வரை, அதாவது சுமார் நான்கு மாதம் வரை, அதை மற்ற நாய்கள் நடமாடும் தரையில் விடக் கூடாது. ஆனால் மூன்று முதல் பதினான்கு வாரம் வரைதான் உலகத்தை அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? குட்டியைத் தோள்பையில் வைத்துக் கீழே கொண்டு போய், தள்ளி இருந்தே மற்ற நாய்களைப் பார்க்க விடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் பின்னால் பல மாதப் பயிற்சியை மிச்சப்படுத்தும்.

வீட்டுக் கதவிலிருந்து புல்வெளி வரை

பயிற்சிக் கையேடுகள் பலவும் ‘எதிர் நாய் தெரிந்ததும் சாலையைக் கடந்து மறுபக்கம் போங்கள்’ என்று தொடங்கும். பன்னிரண்டாம் மாடியில் மின்தூக்கிக் கதவு திறந்து, உள்ளே ஒரு பூடில் நின்றால் எந்தச் சாலையைக் கடப்பது? அடுக்குமாடி வாழ்க்கையில் மிகக் கடினமான பகுதி பூங்கா அல்ல, பூங்காவுக்குப் போகும் வழிதான்.

வாசலில் தொடங்குங்கள். கயிற்றை எடுத்ததும் நாய் சுழன்று சுழன்று குதிக்கிறது என்றால், அந்தக் கொதிப்போடுதான் அது வெளியே வரப்போகிறது. கயிற்றை மாட்டிவிட்டு, கூடத்தில் நாலைந்து தின்பண்டத் துண்டுகளைச் சிதறவிட்டுத் தேட விடுங்கள். மூக்கு வேலை செய்யத் தொடங்கினால் மூச்சு சீராகும். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கதவு திறக்கட்டும்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கதவுக்கு நேராக நிற்காதீர்கள். பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, சில அடி தள்ளி நின்று, நாயை உங்களுக்கும் சுவருக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நாயோ, தயங்கும் மனிதரோ இருந்தால், “நீங்கள் போங்கள், நாங்கள் அடுத்ததில் வருகிறோம்” என்று சொல்லிவிடுங்கள். உள்ளே ஏறினால் பின்மூலையில், நாயின் முகம் உங்கள் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு துண்டு கோழி. இரண்டாம், மூன்றாம் மாடிக்காரர்கள் படிக்கட்டையே பயன்படுத்தலாம், திருப்பத்தில் எட்டிப் பார்த்துவிட்டு.

இது வெறும் பயிற்சி விஷயம் இல்லை, அண்டை வீட்டு உறவும் இதில் அடங்கியிருக்கிறது. மலாய், தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்ற முறை உண்டு. தொழுகைக்குப் போகும் ஒருவர் மேல் உங்கள் நாய் ‘அன்பாக’ பாய்ந்தால், அவர் வீடு திரும்பி உடை மாற்ற வேண்டியிருக்கும். மரியாதையாக நான்கு அடி ஒதுங்கி நிற்கும் நாய்க்காரரை அக்கம்பக்கத்தார் மறப்பதில்லை. பாய்ந்த நாயையும் மறப்பதில்லை.

கீழ்த்தளத்தில் சமூகப் பூனைகள் படுத்திருக்கும் தூண்களை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு சுற்றிப் போங்கள். பூனையைப் பார்த்துக் கொதித்த நாய், அடுத்து வரும் நாயைப் பார்த்து இரட்டிப்பாகக் கொதிக்கும். இடி மழை, சீனர்களின் ஏழாம் மாத கெத்தாய் பாட்டு மேடையின் ஒலிபெருக்கி, தேசிய தினத்துக்கு முந்தைய வாரங்களில் தலைக்கு மேல் இரையும் போர் விமானம் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பெரிய கலவரம் ஒன்று நடந்தால் உடம்பு அடங்கச் சில மணி நேரம், சில நாய்களுக்கு ஓரிரு நாள்கூட ஆகும். அன்று பயிற்சி வேண்டாம். ஆளில்லாத பக்கம் ஒரு சுற்று முகர விட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இடமும் நேரமும்

நமக்கு வேண்டியது இடைவெளி. நெரிசலான தீவில் அதைத் தேடித்தான் போக வேண்டும். நாய்களை எம்ஆர்டியிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது (வழிகாட்டி நாய்களுக்கு மட்டும் விலக்கு), ஆகவே பலருக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பூங்காதான் கதி. தொலைவிலிருந்தே எதிர் நாயைக் காண முடியுமா, இரண்டு பக்கமாவது விலகிப்போக வழி உண்டா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் புல்வெளிகளும் கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் அகன்ற பகுதிகளும் இதற்கு ஏற்றவை. பசுமை ரயில் பாதை அழகானது, ஆனால் பல இடங்களில் ஒதுங்க இடமில்லாத ஒற்றைத் தடம். மிதிவண்டியும் வரும். பழகிய நாய்க்கு அது சொர்க்கம், பழகாத நாய்க்கு வேண்டாம்.

பீஷான் பக்கம் ஆற்றோரத்தில் நீர்நாய்க் குடும்பங்கள் நடமாடும். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய்கள் நாயைக் கண்டால் தயங்காமல் எதிர்க்கும். கரையை விட்டுத் தள்ளியே நடங்கள்.

வார நாளில் காலை ஏழு மணிக்குள், அல்லது இரவு ஒன்பதுக்குமேல். ஞாயிறு மாலை ஐந்தரை மணி என்பது தேர்வுக்கூடம், வகுப்பறை அல்ல. வெயில் நேரத்தில் சிமெண்ட் தரை பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, ஏழு எண்ணும் வரை தாங்க முடியவில்லை என்றால் புல்லுக்குப் போங்கள். இந்தப் புழுக்கத்தில் கிளர்ச்சியடைந்த நாய் வேகமாகச் சூடேறும், அதிலும் சிட்சூ, பக் போன்ற தட்டை மூக்கு நாய்கள். பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சி போதும். தண்ணீர் கொண்டு போங்கள்.

முதல் பாடம்: பார், திரும்பு

பால் பொங்கிய பிறகு அடுப்பை அணைத்துப் பயனில்லை, விளிம்புக்கு வருமுன் தணலைக் குறைக்க வேண்டும். நாய்க்கு அந்தத் தணல், எதிர் நாய் நிற்கும் தூரம். பார்க்கிறது, ஆனால் கூப்பிட்டால் திரும்புகிறது, கொடுத்தால் தின்கிறது என்றால் தூரம் சரி. கோழித்துண்டை மூக்கருகே நீட்டியும் அது கண்டுகொள்ளவில்லை என்றால் மிக அருகில் நிற்கிறீர்கள். சில நாய்க்குப் பதினைந்து மீட்டர் போதும், சிலவற்றுக்குக் கால்பந்துத் திடலின் மறுகோடி வேண்டும். உங்கள் நாயின் எண் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

1. அந்தத் தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். கயிறு தளர்ந்து, இங்கிலீஷ் ‘ஜே’ எழுத்தைப் போல வளைந்து தொங்க வேண்டும்.

2. எதிர் நாயை உங்கள் நாய் பார்த்த அதே கணத்தில், குரைக்குமுன், ஒரு சிறு சொல்: “சபாஷ்.” எந்தச் சொல்லானாலும் சரி, எப்போதும் அதே சொல், அதே குரல். உடனே உங்கள் முழங்கால் அருகே ஒரு துண்டு. நாய் தின்னத் தலையைத் திருப்ப வேண்டும், அதுதான் நோக்கம்.

3. மீண்டும் பார்க்கட்டும். மீண்டும் “சபாஷ்”, மீண்டும் ஒரு துண்டு. எதிர் நாய் பார்வையிலிருந்து மறைந்ததும் தின்பண்டமும் நின்றுவிட வேண்டும். நாய் வந்தால் கோழி வரும் என்ற கணக்கு அப்படித்தான் பதியும்.

4. சில நாள்களில் ஒரு மாற்றம் தெரியும். எதிர் நாயைப் பார்த்துவிட்டு, நீங்கள் வாய் திறப்பதற்குள், ‘எங்கே என் கோழி?’ என்று அதுவாகவே உங்களைப் பார்க்கும். அன்றைக்குப் பிறகு இரண்டு மூன்று அடி நெருங்கலாம். அடுத்த நாள் சொதப்பினால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள்.

கூடவே ஓர் அவசரத் திருப்பமும் கற்றுக்கொடுங்கள். “வாடா போகலாம்” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, வந்த வழியே வட்டமடித்து நடப்பது. வீட்டுக் கூடத்தில், எந்த நாயும் இல்லாதபோது இதை விளையாட்டாகப் பழக்க வேண்டும். திருப்பத்தில் திடீரென்று ஒரு நாய் முளைக்கும்போது முதன்முறையாக முயன்றால் நடக்காது. அதற்கும் நேரமில்லை என்றால் ஒரு கை நிறையத் தின்பண்டத்தைப் புல்லில் தூவிவிடுங்கள். தலை கீழே போனதும் எதிர் நாய்க்கும் நிம்மதி, ஏனென்றால் தரையை முகர்வது ‘நான் வம்புக்கு வரவில்லை’ என்று அதற்குப் புரியும்.

‘தின்பண்டம் கொடுத்தால் குரைப்புக்குப் பரிசு கொடுப்பதாகாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. குரைத்த பிறகு கொடுத்தாலும் கெட்டுப்போவதில்லை. பயத்தையும் பதற்றத்தையும் யாரும் கூலிக்காகச் செய்வதில்லை. இருந்தாலும் குரைக்குமுன் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இரண்டாம் பாடம்: ஒரே திசையில் நடப்பது

இதற்கு ஒரு துணை நாய் வேண்டும், அது அமைதியான நாயாக இருக்க வேண்டும். துள்ளும் இரண்டு நாய்களைச் சேர்த்தால் துள்ளல் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். புளோக்கில் யாரையும் கண்டுகொள்ளாமல் ஆடி அசைந்து நடக்கும் ஒரு வயதான நாய் எப்படியும் இருக்கும். அதன் உரிமையாளரிடம் போய், “அக்கா, சனிக்கிழமை காலையில் எங்களோடு கொஞ்சம் தள்ளி நடக்க முடியுமா? நாய்கள் சந்திக்க வேண்டியதில்லை” என்று கேளுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். அதைக் கேட்டதும் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

எங்கள் புளோக்கில் ஒரு குட்டி ஸ்னாசரும், நாலாம் மாடியில் ஒரு பழுப்பு நிறச் சிங்கப்பூர் ஸ்பெஷலும் இப்படித்தான் பழகின. முதலில் திடலின் இரு ஓரங்களில், ஒரே திசையில் நடந்தார்கள். மனிதர்கள் உட்பக்கம், நாய்கள் வெளிப்பக்கம். ஸ்னாசர் ஐந்து நிமிடம் கீச்சுக் குரலில் கத்தியது. பழுப்பு நாய் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. இரண்டாம் சுற்றில் கத்தல் முனகலானது. மூன்றாவதில் ஸ்னாசர் ஒரு மரத்தடியை முகரத் தொடங்கியது. அங்கேதான் இருவரும் சில அடி நெருங்கினார்கள். அன்று அவை சந்திக்கவே இல்லை. பழுப்பு நாய் சிறுநீர் கழித்த இடத்தை ஸ்னாசர் நெடுநேரம் மோந்து பார்த்தது, அவ்வளவோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த மோப்பத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். நேரில் பார்க்காமலே மற்ற நாயின் பாலினம், உடல்நிலை பற்றிய செய்திகளைச் சிறுநீரிலிருந்தே நாய் படித்துக்கொள்கிறது. ஆகவே பக்கவாட்டு நடை ஒழுங்காக வந்ததும், ஒரு நாய் முன்னே, மற்றது பின்னே என்று நடந்து, பாதியில் இடம் மாறுங்கள். ஒன்றின் தடத்தை மற்றது முகரட்டும். இரண்டும் இரண்டு மூன்று மீட்டரில், தளர்ந்த கயிற்றோடு, ஒன்றையொன்று முறைக்காமல் நடக்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

சந்திப்பு

திறந்த புல்வெளியில், இரு தரப்பும் சம்மதித்த பிறகு மட்டும். நேர்க்கோட்டில் போகாமல் வளைந்து நெருங்குங்கள். கயிறு தளர்ந்தே இருக்கட்டும். இதுதான் பலருக்கும் முடியாத காரியம், நெருங்க நெருங்கக் கை தானாக இறுகும். மூச்சை விட்டுக்கொண்டு, கயிற்றுக் கையைத் தொப்புளருகே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சையும் குறையுங்கள். “ஹாய் சொல்லு, ஹாய் சொல்லு” என்ற கொஞ்சல் கூச்சல் துள்ளலுக்கு எண்ணெய் ஊற்றும்.

மூக்குகள் சேர்ந்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணி, “வாடா போகலாம்” என்று கூப்பிட்டு நாலடி விலகுங்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போதே விலக வேண்டும். சந்திப்பு நீள நீளத்தான் உரசல் வரும் வாய்ப்பு கூடும், கயிறுகள் பின்னிக்கொள்வதும் அப்போதுதான். விலகிய பின் இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்து, உடல் இளகி, திரும்பப் போக விரும்பினால் இன்னொரு மூன்று நொடி. ஒன்று மட்டும் விரும்புகிறது, மற்றது முகத்தைத் திருப்புகிறது என்றால் சந்திப்பு முடிந்தது.

முன்னங்கால் மடக்கிப் பின்புறம் தூக்கும் வணக்கம், துரத்துபவரும் துரத்தப்படுபவரும் மாறி மாறி வருவது, நடுநடுவே இருவரும் நின்று உடலைச் சிலிர்த்து உதறுவது எல்லாம் நல்ல அறிகுறிகள். ஒன்று மற்றதன் தோள்மேல் தலையையோ காலையோ வைத்து விறைத்து நின்றால் உடனே கூப்பிடுங்கள். இழுக்காதீர்கள், இழுப்பு சண்டையைத் தூண்டும்.

அழைக்காமல் வருபவர்கள்

நீங்கள் எவ்வளவு திட்டமிட்டாலும், கைப்பேசியைப் பார்த்தபடி சுருள் கயிற்றை முழு நீளத்துக்கு விட்டுக்கொண்டு ஒருவர் வருவார். வெட்கப்படாமல், தொலைவிலேயே, சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்: “அங்கிள், இவனுக்குப் பயிற்சி நடக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போகிறீர்களா?” அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தும் சைகையே போதும். கயிற்றில் மஞ்சள் நாடா கட்டினால் ‘இடைவெளி வேண்டும்’ என்று பொருள். ஆனால் அதைத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு, நாடாவை நம்பி வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

கயிறில்லாத நாய் ஓடி வந்தால் உங்கள் நாயைப் பின்னால் தள்ளி, நீங்கள் முன்னே நின்று, வரும் நாயின் முகத்துக்கு நேரே கைநிறையத் தின்பண்டத்தை எறியுங்கள். இந்த ஊரில் எல்லோர் பையிலும் குடை இருக்கும். பொத்தானை அழுத்தினால் விரியும் குடை நல்ல தடுப்பு. உங்கள் நாய் அதற்கு மிரளாமல் இருக்க வீட்டில் முன்பே விரித்துக் காட்டிவையுங்கள்.

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீர், பெருஞ்சத்தம், இடையில் செருகிய குடை அல்லது பை என்று முயலுங்கள். மனிதருக்குக் கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை, ஆனால் நாய் வாயின் கிருமிகளால் காயம் சீழ் பிடிப்பது சகஜம். நாய்க்குக் கடிபட்டால் மேலே சிறு துளைதான் தெரியும், உள்ளே தசை கிழிந்திருக்கும். அன்றே காட்டிவிடுங்கள். இரு தரப்பும் தொடர்பு எண்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள், தேவையானால் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் புகார் செய்யலாம்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி

காலையில் நீங்கள் இடைவெளி விட்டுப் பழக்க, மாலையில் நடத்திப் போகும் பணிப்பெண் தன் தோழிகளின் நாய்களோடு கீழ்த்தளத்தில் கயிற்றைப் பின்னவிட்டுக் கூடி நின்றால் பயிற்சி ஒட்டாது. அவரைக் குறை சொல்லுமுன், அவருக்கு யாராவது செய்து காட்டினார்களா என்று பாருங்கள். இரண்டு நடைக்கு அவரோடு போங்கள், தின்பண்டப் பையை அவர் இடுப்பில் கட்டுங்கள், அவர் கையாலேயே “சபாஷ்” சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள். தாத்தாவுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதேதான்.

டாக் ரன் எப்போது?

கடைசியில். பீஷான்-அங் மோ கியோ, வெஸ்ட் கோஸ்ட், காத்தோங் பூங்காக்களிலும் ஜூரோங் லேக் தோட்டத்திலும் டாக் ரன்கள், அதாவது நாய்களைக் கயிறில்லாமல் ஓட விடும் வேலியிட்ட திடல்கள், உண்டு. அடக்க முடியாத நாயை ‘ஓடிக் களைக்கட்டும்’ என்று அங்கே கொண்டு போவது வழக்கம். உள்ளே முன்பின் தெரியாத நாய்கள், நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் உரிமையாளர்கள், வெளியேற ஒரே ஒரு வாசல். புதிய நாய் நுழைந்ததும் எல்லா நாய்களும் அந்த வாசலுக்கே ஓடி வந்து சூழ்ந்துகொள்ளும்.

முதல் சில தடவை உள்ளே போகவே போகாதீர்கள். வேலிக்கு வெளியே, உங்கள் நாய்க்கு ஏற்ற தூரத்தில், பார்ப்பதும் திரும்புவதுமாக அதே பாடம். பிறகு ஆளில்லாத நேரத்தில், காலை ஏழு மணி வாக்கில், காலி இடத்தில் தனியாக முகர விடுங்கள். அதன் பிறகு ஏற்கெனவே பழகிய துணை நாயோடு. உள்ளே போகும்போது வாசலில் கூட்டம் இருந்தால் அது கலையும் வரை காத்திருங்கள். இரட்டைக் கதவுகளுக்கு நடுவே கயிற்றைக் கழற்றிவிட்டே உள்ளே விடுங்கள், ஏனென்றால் ஓடும் நாய்களுக்கு நடுவே கயிற்றோடு நிற்கும் ஒற்றை நாய்தான் முதலில் பதறும். பந்தையும் தின்பண்டத்தையும் வெளியே விட்டுச் செல்லுங்கள், அவற்றுக்காகவே சண்டை வரும். உள்ளே போனதும் நடந்துகொண்டே இருங்கள், நீங்கள் நகர்ந்தால் நாய்களும் கூட்டமாக நிற்காமல் நகரும். நாய் இரண்டு முறை உங்கள் கால்களுக்கிடையே வந்து ஒளிந்தால் கயிற்றை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சில நாய்களுக்கு டாக் ரன் கடைசி வரை ஒத்துவராது. நாலாம் மாடிப் பழுப்பு நாய் அந்த ரகம். ஸ்னாசரோடு சனிக்கிழமை நடைக்கு மட்டும் வரும். வேலிக்குள் போகச் சொன்னால் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும், அதை வளர்க்கும் அக்காவும் வற்புறுத்துவதில்லை.